ஒன்பதாம் நாள் வந்து சொன்னவள்

போன வாரம் கோவில்பட்டி ரயில் நிலையத்தில் நம் துறைத் தம்பி ஒருவரைப் பார்த்தேன். வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு, வண்டியிலிருந்து இறங்குகிறவர்களிடம் காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் புதுக் காய்ச்சலுக்காக அந்தக் காவல். நான் ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் என்று தெரிந்ததும் ஓரமாக அழைத்துப்போய் ஒரு கேள்வி கேட்டார். "சார், நாளைக்கு இது முத்திப் போச்சுன்னா கடை, பள்ளிக்கூடம், கம்பெனி எல்லாத்தையும் மூடச் சொல்லுவாங்க. நாலு வயசாளிகளுக்காக ஊரையே மூடுறது சரிதானா?" முப்பத்து மூன்று வருஷம் இதே வேலை பார்த்தவன் பட்டென்று பதில் சொல்லியிருக்க வேண்டும். நானோ மணியாச்சி வண்டி வந்துவிட்டது என்று சாக்குச் சொல்லி ஏறிவிட்டேன்.

பதில் இப்போதும் என்னிடம் இல்லை. அதனால்தான் நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். பழுத்த அனுபவஸ்தன் எழுதுகிறான், கடைசியில் ஒரு நீதி கிடைக்கும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே மடித்து வைத்துவிடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தொண்ணூறுகளில் எனக்கு விளாத்திகுளத்துக்குக் கிழக்கே, குளத்தூர்ப் பக்கம் ஏழெட்டு ஊர்கள் பொறுப்பு. அதில் இருநூறு வீடுள்ள ஓர் ஊர். பெயர் சொல்ல மாட்டேன். அந்த ஊரில் பாதிப் பேர் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள், மீதிப் பேர் மறந்திருப்பார்கள். மானாவாரி மிளகாய், பருத்தி, கம்பு. குடிக்க ஓர் ஊருணி. கிணற்றுத் தண்ணீரெல்லாம் உப்பு. தினமும் காலையில் தீப்பெட்டிக் கம்பெனி வேன் வரும். பெண்கள் ஏறிப் போய்க் குச்சி அடுக்கிவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவார்கள். மழை பொய்த்த வருஷங்களில் அந்த ஊர் உலை வைத்தது அந்த வேனால்தான்.

அந்தக் கார்த்திகையில் மழை கூடிவிட்டது. காட்டுத் தண்ணீரெல்லாம் ஊருணிக்குள் இறங்கியது. ஒரே வாரத்தில் மூன்று பேர் இறந்தார்கள். இருவர் எழுபதை ஒட்டியவர்கள், ஒருவர் எண்பது. கிராம அலுவலரின் இறப்புப் பதிவேட்டிலிருந்து நான் என் ஏட்டுக்குப் பெயர்த்து எழுதினேன். காரணம்: முதுமை. காரணம்: முதுமை. காரணம்: முதுமை. அறுபதைத் தாண்டியவர் போய்விட்டால் எதனால் என்று கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. எழுதி முடித்துவிட்டு அந்த அலுவலரோடு டீ குடித்தேன். மழையைப் பற்றித்தான் பேசினோம்.

நாலாவது ஆள் இருபத்திரண்டு வயதுப் பெண். பிறந்த வீட்டுக்கு வந்த இடத்தில் வயிற்றால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி போக ஆரம்பித்து, கண் உள்ளே போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைத்துக்கொண்டாள்; காலரா என்றார்கள். அதன் பிறகுதான் ஜீப் வந்தது, டாக்டரம்மா வந்தார், பிளீச்சிங் பவுடர் மூட்டை மூட்டையாக வந்தது. இறந்த மூவர் வீட்டுக்கும் போய் அப்போதுதான் கேட்டேன். மூன்று வீட்டிலும் ஒரே பதில்: "அவியளுக்கும் இப்படித்தான் போச்சு சார்." ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த வெட்கம்தான் என்னைக் கறாரானவனாக ஆக்கியது. தப்புச் செய்தவன் கையில் அதிகாரம் கொடுத்தால் என்ன செய்வானோ அதைச் செய்தேன். ஊருணியைச் சுற்றி முள் அடைத்து லாரித் தண்ணீர் கொண்டுவந்தேன். தீப்பெட்டி வேன் ஊருக்குள் வரக்கூடாது என்றேன், ஏனென்றால் கம்பெனியில் ஏழு ஊர்ப் பெண்கள் ஒரே தொட்டியில் தண்ணீர் மொண்டு குடிப்பார்கள். மூன்றாவதாக, யார் இறந்தாலும் நீர்மாலை எடுக்கக்கூடாது என்று தடுத்தேன். இறந்தவரைக் குளிப்பாட்ட உறவுக்காரர்கள் கூட்டமாக நீர்நிலைக்குப் போய், தலைக்கு மேலே வேட்டியை விரித்துப் பிடித்துக் குடங்களில் தண்ணீர் கொண்டுவருவார்களே, அது. அந்த ஊரில் இறந்தவரின் துணியைத் தொட்ட கையோடு குடம் ஊருணிக்குள்தான் இறங்கும். முதல் மூன்று சாவுக்கும் அப்படித்தான் இறங்கியிருந்தது.

டாக்டரம்மா மூன்றுக்கும் கையெழுத்துப் போட்டார். கடைசி நோயாளி கண்ட நாளிலிருந்து பத்து நாள் யாருக்கும் வராவிட்டால் ஊரைத் திறக்கலாம் என்பது விதி. நடுவில் ஒருவருக்கு வந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். பள்ளிக்கூடத்தில்தான் எங்கள் முகாம். அதன் சுவரில் அன்று எத்தனையாவது நாள் என்ற எண்ணைச் சாக்கட்டியால் தினமும் எழுதினேன். கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி தெருவில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். மூன்று என்று எழுதியிருந்த அன்று ஒரு பெரியவருக்குக் கண்டது, இரண்டு நாளில் அவர் இறந்தும் போனார். நீர்மாலை இல்லாமல், நாலு பேரோடு தூக்கிப்போய்ப் புதைக்கச் செய்தேன். அவருக்குக் கண்ட அன்றே எண்ணை அழித்து மறுபடி ஒன்று எழுதியிருந்தேன்.

கம்பெனி ஏஜண்ட் ஊர் எல்லையில் என்னைச் சந்தித்தார். கெட்ட மனிதர் இல்லை. "உங்களுக்காகப் பத்து நாள் பொறுக்குதோம் சார். பதினொண்ணாம் நாள் வேன் வரும். அன்னைக்கும் மறிச்சீங்கன்னா வேற ஊருக்குத்தான் விடணும். முதலாளிக்கு ஆர்டர் நிக்கி" என்றார். இந்தப் பேச்சு எனக்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் ராமலட்சுமி என்னை மறித்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள், கூட மாமனார் சீனிச்சாமி. குச்சி அடுக்குவதில் அந்த வேனிலேயே அவள்தான் கெட்டிக்காரி என்பார்கள். அவள் வீட்டு வாசலில் மருந்துப் பொட்டலம் கொடுக்கப் போனவனைப் பிடித்துக்கொண்டாள். "செத்தது யாரு சார்? எழுவது, எண்பது. எங்க மாமாவும் இருக்காவ, எழுவத்திரெண்டு. அவியளையும் சேத்துத்தான் சொல்லுதேன். இருந்து முடிச்சவியளுக்காவ இருக்கப்போறதுகளப் பட்டினி போடுதீங்களே, இது எந்த ஊரு நியாயம்?" சீனிச்சாமி நாலடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் இப்படிப் பேசுகிறாளே என்று எனக்குத்தான் கூசியது. அவர் சரி என்பது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவரே முகாமுக்கு வந்தார். மருமகள் சொன்னது சரிதான், ஊரைத் திறந்துவிடும் என்றார். ஊரில் எட்டுப் பத்து வயசாளிகள் இருக்கிறோம், எங்களுக்கு ஏதும் ஆனால் அரசாங்கம் பொறுப்பில்லை என்று எல்லோரும் கைநாட்டு வைத்துத் தருகிறோம் என்றார். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றேன். சுவரிலிருந்த எண்ணை ஒரு முறை பார்த்துவிட்டு, "அப்ப நீர்மாலையாவது எடுக்க விடும் தம்பி. உசிரக் காப்பாத்த இவ்வளவு பாடுபடுதீரு. செத்தவனுக்கு நாலு குடம் தண்ணி இல்லங்கீரு. உமக்கு எதுதான் பெருசு?" என்று கேட்டார்.

உங்கள் உயிர்தான் பெரிது என்றேன். பொய் இல்லை, அப்போது நெஞ்சாரத்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அத நீரு சொல்லுதீரு. என்னைக் கேக்கலயே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. காப்பாற்ற வந்தவனிடம் காப்பாற்றப்படுகிறவரே வழக்காடினால் என்னதான் செய்வது?

எண் ஏறிக்கொண்டே வந்தது. ஐந்து, ஆறு, ஏழு. எட்டாம் நாள் காலையில் வீடு வீடாகப் போனேன். வந்து விசாரித்ததற்கு அத்தாட்சியாக ஒவ்வொரு வாசல் சுவரிலும் நாங்கள் ஒரு கட்டம் போட்டிருப்போம், அதில் தேதியும் சின்னதாகக் கையெழுத்தும் இட வேண்டும். சீனிச்சாமி வீட்டு வாசலில் நின்று, "அய்யா, எப்படி இருக்கீங்க?" என்று குரல் கொடுத்தேன். உள்ளேயிருந்து "நல்லாயிருக்கேன்" என்று வந்தது. எங்கள் பக்கத்தில் எமன் வாசலில் நின்று கேட்டாலும் முதல் பதில் நல்லாயிருக்கேன் என்பதுதான். குரல் கம்மிப்போயிருந்தது. நான் வந்தால் வெளியே வந்து ஒரு வாய் வழக்காடாமல் விடாத மனிதர் அன்று எழுந்து வரவில்லை. இரண்டையும் நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொன்னால் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். ஆனால் இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடப் பெஞ்சில் படுக்கை, எனக்கும் வீடு வாசல் இருந்தது, இன்னும் இரண்டே நாள். சுவரில் தேதியைப் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அன்று மத்தியானம் ராமலட்சுமி முகாமுக்கு வந்து உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஆறு கேட்டாள். தண்ணீரில் கலக்கிக் குடிப்பதற்கு நாங்கள் கொடுக்கும் பொட்டலம்தான். பிள்ளைகள் அதைச் சர்பத் மாதிரி குடித்துத் தீர்ப்பது எங்களுக்குத் தெரியும். அதற்குத்தான் என்று நானே நினைத்துக்கொண்டு, கேலி பேசிக் கொடுத்தனுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மூன்று மணி இருக்கும். முகாமில் நானும் என் மேற்பார்வையாளரும் மட்டும். டாக்டரம்மா கூட்டத்துக்குத் தூத்துக்குடி போயிருந்தார். மேற்பார்வையாளரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவர் போட்ட பிச்சை. ஒரு ஊருக்குள் நுழைந்ததும் யார் வீட்டில் யார் பேச்சை யார் கேட்பார்கள் என்று மோப்பம் பிடித்துவிடுவார். மறுநாள் முகாமைக் காலி செய்ய அவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது ராமலட்சுமி வந்தாள். படியேறாமல் வெளியே நின்றே சொன்னாள். "சார், மாமாவுக்கு முந்தாநேத்து ராத்திரியிலருந்து போவுது. இப்ப கூப்பிட்டாக் கண்ணு தொறக்க மாட்டேங்காவ."

ஓடினோம். கையைக் கிள்ளிப் பார்த்தால் தோல் கிள்ளியபடியே நின்றது. விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு செம்பில் நான் கொடுத்த பொட்டலத் தண்ணீர். அவள் முந்தின நாளிலிருந்து கரைத்துக் கரைத்து ஊற்றியிருக்கிறாள். அது இல்லையென்றால் அவர் அன்று காலையைப் பார்த்திருக்க மாட்டார். சோதனைக்காக ஒரு புட்டியில் மாதிரி எடுத்துக்கொண்டு அவரைத் தூக்கி ஜீப்பில் ஏற்றினேன். ஊரே கூடிவிட்டது. எல்லோரும் பார்த்தது அவரை அல்ல, என்னை.

மேற்பார்வையாளர் என்னைத் தனியே இழுத்துச் சொன்னார். "முதல்ல கொண்டுபோய்ச் சேருங்க. ஆஸ்பத்திரியில தளர்ச்சின்னு எழுதிக்கிடலாம். ஊருணி அடைச்சாச்சு, லாரித் தண்ணி சுத்தம், வேற ஒருத்தருக்கும் இல்ல. இந்த மனுசன் வயித்துக்கு ஆகாததத் தின்னுருப்பாரு. ஒரு நாளுக்காக இருநூறு வீட்டு வயித்துல அடிக்காதீங்க." அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. எனக்கு எதிர்வாதமும் இருந்தது: இது அதே நோய் என்றால் வேனில் ஏறி ஏழு ஊருக்கும் போகும், அங்கேயும் கட்டிலில் கிழவர்கள் படுத்திருக்கிறார்கள். அதிலும் ஓட்டை இல்லை. இரண்டு சரிகளுக்கு நடுவே நான் நின்றேன்.

அப்போது ஒரு கோழைத்தனம் செய்தேன். ராமலட்சுமி பக்கம் திரும்பி, நீ என்னம்மா சொல்லுகிறாய் என்று கேட்டேன். ஊரைத் திறந்துவிடுங்கள் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்றிருந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான் வந்தது அவியளச் சொல்லத்தான். மத்தது உங்க வேலை" என்றாள்.

ஜீப்பில் ஏறுவதற்கு முன் பள்ளிக்கூடச் சுவருக்குப் போனேன். ஒன்பதை அழித்தேன். ஒன்று என்று எழுதினேன். ஏழு ஊரை நினைத்து எழுதினேனா, என் ஏட்டில் முதுமை என்று மூன்று முறை எழுதியதற்குப் பரிகாரமாக எழுதினேனா, இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஒரு பெண் குனிந்து மண்ணை வாரி என் பக்கம் தூற்றினாள். மழை ஈரத்தில் அது பறக்காமல் கட்டியாக என் காலடியில் விழுந்தது. மேற்பார்வையாளர் அதைத் தடுக்கவில்லை, எனக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அதன் பிறகு ஓய்வு பெறும்வரை அவர் என்னிடம் அந்த ஊரைப் பற்றிப் பேசியதே இல்லை.

விளாத்திகுளம் போய்ச் சேர்ந்து, நரம்பு கிடைக்காமல் போராடி, பாட்டில் ஏற்றி, அவர் கண் திறந்த பிறகுதான் மாதிரிப் புட்டி ஞாபகம் வந்தது. ஜீப்பில் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்தது. அப்படியே அனுப்பினேன், வேறு வழியில்லை. எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது: உரிய முறையில் பாதுகாக்கப்படாததால் சோதிக்க இயலவில்லை. ஆக அவருக்கு வந்தது அந்த நோயா, வெறும் வயிற்றுக் கோளாறா என்பது எனக்குத் தெரியாது. யாருக்கும் இனித் தெரியப்போவதில்லை. அந்தத் தாளை நான் ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

நாலாம் நாள் சீனிச்சாமி எழுந்து உட்கார்ந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனேன், மனுஷ ஆசைதானே. அவர், "என்னைக் கொண்டாந்து போட்டது சரி. ஊர ஏன் மூடிப் போட்டீரு?" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, "மருமகள ஒண்ணும் கேக்காதீரும். நாந்தான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு மெரட்டி வச்சிருந்தேன். கணக்கு மறுபடி ஒண்ணுலருந்து வந்துரும்லா, அதான்" என்றார். ஊருக்கும் அதையேதான் சொன்னார். ஊரும் நம்பியது, நானும் நம்பினேன்.

இரண்டாவது பத்து நாளில் ஒருவருக்கும் வரவில்லை. மூடியதால் வரவில்லையா, மூடாவிட்டாலும் வந்திருக்காதா? பதினொன்றாம் நாள் காலையில் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஊர் எல்லையில் நின்றார்கள். வேன் வரவில்லை. ஏஜண்ட் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். அப்புறம் அந்த ஊருக்கு வேன் வரவே இல்லை. சில குடும்பங்கள் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டன. வேனில் போய்க்கொண்டிருந்த சிறு பெண்களில் நாலைந்து பேர், வேறு போக்கிடம் இல்லாமல், நாங்கள் காலி செய்த அதே பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஒருத்தி இப்போது டீச்சராக இருக்கிறாள். அதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்த வருகிறவர்கள் உண்டு. நான் அதற்காக மூடவில்லையே, அதில் எனக்கென்ன பங்கு? ராமலட்சுமி வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போட்டாள். எனக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. சீனிச்சாமி எட்டு வருஷம் இருந்தார். ஊரில் பலர் அவரோடு பேசவில்லை. இவருக்காகத்தான் நம் பிழைப்புப் போனது என்றார்கள்.

இதில் உறுதியாகச் சொல்ல எனக்கு மூன்று விஷயம்தான் உண்டு. மாதிரிப் புட்டியை வெயிலில் வைக்காதீர்கள். முதுமை என்று எழுதாதீர்கள், முதுமையால் யாருக்கும் வயிற்றால் போகாது. வாசலில் நின்று கேட்காதீர்கள், உள்ளே போய்க் கண்ணைப் பாருங்கள். மூடுவதா திறப்பதா என்று கேட்டால், அதற்கு நான் ஆள் இல்லை.

சீனிச்சாமி காலமாகி ஒரு வருஷம் கழித்து விளாத்திகுளம் பஸ் நிலையத்தில் ராமலட்சுமியைப் பார்த்தேன். மிளகாய் வத்தல் மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. அவளே கூப்பிட்டுப் பேசினாள். பெண்கள் இரண்டு பேரையும் கட்டிக் கொடுத்துவிட்டதைச் சொன்னாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கு வந்து சொன்னதற்காக எப்போதாவது வருத்தப்பட்டதுண்டா என்று கேட்டேன்.

"வேன் போனதுக்கு வருத்தப்பட்டிருக்கேன். சொன்னதுக்கு இல்ல" என்றாள். பஸ் வருகிறதா என்று ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"சொல்லக் கூடாதுன்னு அவிய மெரட்டினதா ஊருல எல்லாரும் நெனச்சிட்டிருக்காவ. உங்கட்டயும் அப்படித்தான் சொல்லியிருப்பாவ. அவிய ஒண்ணுமே சொல்லல சார். எம்மொகத்தப் பாத்துக்கிட்டே படுத்திருந்தாவ, அவ்வளவுதான். சொல்லாம இருந்தது நாந்தான். அந்த ரெண்டு நாளைக்குத்தான் எட்டு வருசம் சோறு போட்டேன்."

பஸ் வந்தது. மூட்டையின் ஒரு முனையை நான் பிடித்து ஏற்றிவிட்டேன்.